வீட்டு அக்வாபோனிக்ஸில் பாசி: எதையும் ஊற்றாமல் படிப்படியாக அடக்கும் வழி

அக்வாபோனிக்ஸ் என்பது மீன் தொட்டித் தண்ணீரைச் சுழலவிட்டு, மீன் கழிவையே உரமாக்கி, மண்ணில்லாமல் செடி வளர்க்கும் முறை. அதை அமைத்து மீன் விட்டு, நாற்று நட்டு, சில வாரம் ஓடியதும் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி இது: தண்ணீர் பச்சையாகிவிட்டது, எதை ஊற்றினால் போகும்? எதையும் ஊற்றக் கூடாது. மீன், வேர், நன்மை செய்யும் பாக்டீரியா மூன்றும் ஒரே தண்ணீரில் இருக்கின்றன. பாசியைக் கொல்லும் மருந்து இந்த மூன்றில் ஒன்றையாவது தொடாமல் போகாது.

பாசி வளர வெளிச்சம், தண்ணீர், சத்து மூன்றும் வேண்டும். தண்ணீரை நிறுத்த முடியாது. சத்தைக் குறைத்தால் செடிதான் முதலில் வாடும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைப் பாக்டீரியா முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு செடி உண்ணும் நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது; அந்த நைட்ரேட்டுக்காகத்தானே மீனே வளர்க்கிறோம். மிச்சம் இருப்பது வெளிச்சம். இலைக்கு வெயில், தண்ணீருக்கு இருட்டு: கீழே வரும் வேலைகளில் முக்கால்வாசி இதற்காகத்தான். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். வெளிச்சத்தை அடைப்பதற்கு முன் பாசியை எடுத்தால் அடுத்த வாரமே திரும்ப வந்துவிடும்.

1. வந்திருப்பது எந்தப் பாசி என்று பாருங்கள்

ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை எடுத்து ஓரிரவு அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் பழுப்பாகப் படிந்து மேலே தெளிந்திருந்தால் அது பாசி இல்லை, மீன் கழிவு. நேராக 6-ஆம் படிக்குப் போங்கள். அப்படியே பச்சையாக நின்றால் தண்ணீரில் மிதக்கும் நுண்பாசி. 'பச்சைத் தண்ணீர்' என்று சொல்வது இதைத்தான்.

சுவரிலும் குழாய் வாயிலும் முடிபோல நீளமாகத் தொங்குவது இழைப்பாசி. மீனுக்கு நேரடிக் கெடுதல் குறைவு. ஆனால் பம்ப் வலையையும் சைஃபனையும் (படுகையில் தண்ணீர் நிரம்பியதும் தானே வடித்துவிடும் குழாய்) அடைப்பது இதுதான்.

விரலால் தேய்த்தால் தூளாக வரும் பழுப்புப் படலம், புது அமைப்புகளில் வருவது. செடிகள் வேர்பிடித்ததும் பெரும்பாலும் தானே குறையும். விட்டுவிடலாம்.

நீலப்பச்சை நிறத்தில், வழவழவென்று, ஏடுபோல உரிந்து வந்து, மண்வாடையோ அழுகல் வாடையோ அடித்தால் அது சயனோபாக்டீரியா. இதை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதில் சில வகைகள் நச்சு உண்டாக்கும். கையுறை போட்டு எடுங்கள், வீட்டு விலங்குகளைத் தண்ணீர்ப் பக்கம் விடாதீர்கள். மீன் இறைச்சியில் மண் வாடை ஏறுவதற்கும் இது ஒரு காரணம். நீரோட்டம் இல்லாத மூலையிலும் கழிவு தேங்கும் இடத்திலும்தான் பெரும்பாலும் பிடிக்கும். ஆகவே எடுத்த கையோடு அந்த மூலைக்கு நீரோட்டம் கொடுங்கள்.

2. ஒரு நோட்டு, நாளுக்கு இரண்டு அளவு

இதற்கு வேண்டிய 'ஆவணம்' ஒரு நோட்டுப் புத்தகம்தான். தேதி, நேரம், பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு), தண்ணீரின் சூடு, போட்ட தீவனம் எத்தனை கிராம், தண்ணீரின் நிறம். வாரம் இருமுறை அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட்.

பிஎச்சை விடியற்காலையில் ஒருமுறை, பிற்பகல் மூன்று மணி வாக்கில் ஒருமுறை பாருங்கள். பாசி பகலில் தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பிஎச் ஏறும். இரவில் வாயுவைத் திரும்ப விடுவதால் இறங்கும். காலைக்கும் மாலைக்கும் 0.2, 0.3 வேறுபாடு பெரிதில்லை. 1 வரை போனால் கண்ணுக்குத் தெரிவதைவிட அதிகமாகப் பாசி இருக்கிறது என்று அர்த்தம்.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மாலையில் 8.2 என்று பார்த்ததும் அமிலம் ஊற்றுகிறார்கள். இரவில் பிஎச் தானாகவே இறங்கும். ஊற்றிய அமிலமும் சேர்ந்து விடியற்காலையில் பாதாளத்துக்குப் போகும். மாலை அளவைப் பார்த்து எதையும் சேர்க்காதீர்கள். பிஎச் திருத்த வேண்டுமென்றால் காலை அளவை வைத்துத்தான். அக்வாபோனிக்ஸுக்கு 6.4 முதல் 7 வரை இருந்தால் மீன், செடி, பாக்டீரியா மூன்றும் சமாளிக்கும்.

மாலையில் பிஎச் ஏறுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சோதனைக் குப்பி காட்டும் மொத்த அம்மோனியாவில் மீனைக் கொல்லும் நச்சு வடிவம் எவ்வளவு என்பது பிஎச்சைப் பொறுத்தது. 25 டிகிரி செல்சியஸில் பிஎச் 7-ல் அது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 8-ல் சுமார் 5 சதவீதம். 9-ல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். காலையில் மீனைத் தொந்தரவு செய்யாத அதே அம்மோனியா மாலையில் செவுளை அரிக்கும்.

3. வெளிச்சம் எங்கே நுழைகிறது என்று கண்டுபிடித்து அடையுங்கள்

பகலில் பார்த்தால் எல்லாம் மூடியிருப்பதுபோலத்தான் தெரியும். இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு, பலமான டார்ச் ஒன்றைத் தொட்டிக்குள் பிடித்தபடி, இன்னொருவரை வெளியே சுற்றி வரச் சொல்லுங்கள். எங்கெல்லாம் பிளாஸ்டிக் மினுங்குகிறதோ அங்கெல்லாம் பகலில் வெயில் உள்ளே போகிறது. குழாய்க்கும் இப்படியே: ஒரு முனையில் டார்ச், நீளத்துக்கும் பார்வை. வெள்ளை பிவிசி குழாய் உங்களுக்கு அதிர்ச்சி தரும். அரிக்கன் கண்ணாடிபோல ஒளிரும்.

மீன் தொட்டி: வெள்ளை ஐபிசி தொட்டியும் (கம்பிக்கூண்டுக்குள் வரும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி) வெளிர்நீல டிரம்மும் வெளிச்சத்தை உள்ளே விடுபவை. வெளிப்புறத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, கறுப்பு பெயிண்ட் இரண்டு கோட், காய்ந்தபின் மேலே வெள்ளை ஒரு கோட் அடியுங்கள். கறுப்பு வெளிச்சத்தைத் தடுக்கும், வெள்ளை சூட்டைத் திருப்பி அனுப்பும். கறுப்பை மட்டும் அடித்தால் வெயிலில் தண்ணீர் கொதித்து ஆக்சிஜன் குறையும். உட்புறத்தில் பெயிண்ட் படவே கூடாது. பெயிண்ட் அடிக்க மனமில்லாவிட்டால் தடித்த தார்ப்பாயைச் சுற்றிக் கட்டினாலும் போதும்.

மேல்வாய்க்கு மூடி வேண்டும், ஆனால் காற்றுப் போக வேண்டும். ஒளி புகாத பலகையை விளிம்பிலிருந்து நான்கு விரற்கடை உயர்த்தி வையுங்கள். அல்லது தொட்டிக்கு மேல் 80, 90 சதவீத நிழல்வலையை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். மீன் குதித்து வெளியே விழுவதையும் மூடி தடுக்கும்.

சம்ப் தொட்டியும் (படுகையிலிருந்து வடியும் தண்ணீர் சேரும் கீழ்த்தொட்டி) வடிகட்டி டிரம்மும்: பலர் மறப்பது இவற்றைத்தான். இங்கே மீன் இல்லை, காற்றுப் பிரச்சினை குறைவு, இறுக்கமாகவே மூடலாம். நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவுக்கும் வெளிச்சம் ஆகாது என்பதால் இதில் இரட்டை லாபம்.

குழாய்கள்: தண்ணீர் ஓடும் ட்யூப் ஒளி ஊடுருவுவதாக இருந்தால் மாற்றிவிடுங்கள்; அதைக் கழுவிப் பயனில்லை. காற்று மட்டும் போகும் மெல்லிய ட்யூப் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. பிவிசிக்கு மேலே சொன்ன கறுப்பு-வெள்ளை பெயிண்டே போதும்.

ஜல்லிப் படுகை: மேற்பரப்பு எப்போதும் உலர்ந்திருக்க வேண்டும். தண்ணீர் ஏறும் உச்சமட்டம் ஜல்லியின் மேல்பரப்பிலிருந்து 3 முதல் 5 செ.மீ. கீழேயே நிற்கட்டும். சைஃபனுக்குள் இருக்கும் நிலைக்குழாயைச் சிறிது அறுத்துக் குட்டையாக்கினாலும் சரி, மேலே ஜல்லி கூட்டினாலும் சரி. தண்ணீர் வந்து விழும் இடத்தில் எப்போதும் ஒரு பச்சை வட்டம் இருக்கும். குழாயின் நுனியை ஜல்லிக்குள் புதைத்துவிட்டால் அதுவும் போய்விடும்.

மிதவைப் படுகை (தண்ணீரில் மிதக்கும் பலகையின் துளைகளில் செடி நடுவது): பலகைக்கும் தொட்டி விளிம்புக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி இருந்தால் போதும், அந்தக் கோடு முழுக்கப் பாசி பிடிக்கும். ஓரத்தில் ஃபோம் துண்டுகளைச் செருகுங்கள். பெரிய பொறி அறுவடை நாளில் இருக்கிறது. கீரையைப் பிடுங்கியதும் துளைகள் காலியாகின்றன. சத்தை உறிஞ்சிக்கொண்டிருந்த வேர் போய்விட்டது, அதே துளை வழியாக வெயிலும் இறங்குகிறது. அன்றே நாற்று வைக்க முடியாத துளைகளுக்கு மூடி தயாராக இருக்கட்டும். பலகை வெட்டும்போது விழும் வட்டத் துண்டுகளை எறியாமல் வைத்திருந்தால் அவையே மூடி.

குழாய்ப் படுகையிலும் (துளையிட்ட குழாயில் செடி நடுவது) துளைக் கணக்கு இதேதான். நாற்றின் தண்டைச் சுற்றி, நடுவில் கீறல் விட்ட கறுப்பு-வெள்ளை ஷீட் துண்டைப் போட்டுவிடுங்கள். வேரில் பாசி படிந்து பச்சையாகத் தெரிந்தால் சீப்புவதுபோல விரலால் மெதுவாக நீக்குங்கள். இழுத்தால் வேர்த்தூவி போய்விடும்.

4. அதற்குப் பிறகுதான் இருக்கும் பாசியை எடுக்க வேண்டும்

இழைப்பாசிக்கு ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். பம்பை நிறுத்துங்கள், இல்லையென்றால் பிய்ந்த இழை நேராகக் குழாய்க்குள் போகும். பிரஷைப் பாசியில் ஊன்றி, குச்சியில் நூல் சுற்றுவதுபோல ஒரே திசையில் சுற்றினால் கயிறாகத் திரண்டு வரும். மிதக்கும் துணுக்குகளைச் சல்லடை வலையால் அள்ளிவிட்டு, பம்ப் வலையையும் பார்த்துவிட்டுப் பிறகு பம்பைப் போடுங்கள். அதிக நேரம் நிறுத்தி வைக்காதீர்கள். அந்த நேரத்தில் ஏர் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கட்டும். எடுத்த பாசி உரக்குழிக்கு நல்லது.

கழற்றக்கூடிய பாகங்களை வெளியே எடுத்துத் தேய்த்து, ஒரு பகல் நல்ல வெயிலில் காயவைத்தால் பாசி செத்து உதிரும். சோப்பு வேண்டாம். பாக்டீரியா குடியிருக்கும் வடிகட்டிப் பொருளை மட்டும் வெயிலில் போடாதீர்கள், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரிலும் அலசாதீர்கள். தொட்டித் தண்ணீரை வாளியில் எடுத்து அதில் ஒரு முக்கு முக்கினால் போதும். அதிலுள்ள பழுப்பு வழவழப்புதான் உங்கள் பாக்டீரியா.

பச்சைத் தண்ணீரைக் கையால் எடுக்க முடியாது. இருட்டில்தான் கொல்ல வேண்டும்.

முதல் நாள்: தொட்டி, சம்ப், படுகைத் தண்ணீர் எல்லாவற்றுக்கும் முழு இருட்டு. செடியின் இலைகள் மட்டும் வெயிலில். தீவனத்தைப் பாதியாக்குங்கள். ஏர் ஸ்டோன் (ஏர் பம்பின் காற்றைக் குமிழாக விடும் கல்) ஒன்று கூடுதலாகப் போடுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு இருட்டடிப்பைத் தொடங்கவே வேண்டாம். பாசி சாகும்போதும் மக்கும்போதும் ஆக்சிஜன் வேகமாகக் குறையும்.

2, 3-ஆம் நாள்: தினமும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள். செத்த பாசி அம்மோனியாவாகத்தான் திரும்பும். ஏறினால் தீவனத்தை அறவே நிறுத்துங்கள். நல்ல நிலையிலுள்ள மீன் ஓரிரு நாள் பட்டினியைத் தாங்கும். தேவைப்பட்டால் குளோரின் நீக்கிய தண்ணீரை 10 முதல் 20 சதவீதம் மாற்றுங்கள்.

4-ஆம் நாள் முதல்: பச்சை மங்கி, கலங்கிய தேயிலை நிறமாகும். பயப்பட வேண்டாம், அது செத்த பாசி. மெல்லிய பஞ்சு வடிகட்டியைத் தண்ணீர் விழும் இடத்தில் வைத்து, தினமும் அலசுங்கள். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியும். வெளிச்சக் கசிவு மிச்சமிருந்தால் தெரியாது. மறுபடி டார்ச்சை எடுங்கள்.

தண்ணீரைப் பாதி மாற்றினால் பச்சை போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. நுண்பாசி சாதகமான சூழலில் ஒரு நாளிலேயே இரட்டிக்கக்கூடியது. ஊற்றிய தண்ணீரும், போன சத்தும் நஷ்டம்.

5. தீவனத்துக்கும் செடிப் பரப்புக்கும் கணக்கு பாருங்கள்

வெளிச்சத்தை நன்றாக அடைத்தும் சுவரில் வாரா வாரம் கெட்டியாகப் பிடிக்கிறது, நைட்ரேட்டும் லிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டுகிறது என்றால் செடிகளால் உண்ண முடியாத அளவுக்குச் சத்து போகிறது.

கைக்கணக்கு இது: கீரை வகைக்கு ஒரு சதுர மீட்டர் செடிப் பரப்புக்கு நாளொன்றுக்கு 40-50 கிராம் மீன் தீவனம், தக்காளி, மிளகாய்போலக் காய்ப்பவற்றுக்கு 50-80 கிராம். நாளுக்கு 100 கிராம் தீவனம் போட்டால் குறைந்தது இரண்டு சதுர மீட்டர் கீரை நிற்க வேண்டும். உங்களிடம் ஒரு சதுர மீட்டர்தான் என்றால் தீவனத்தைக் குறையுங்கள், அல்லது படுகையைக் கூட்டுங்கள். இது வளர்ந்த செடிக்கான கணக்கு. இரண்டு இலை நாற்று இதில் கால்பங்குகூட உண்ணாது. அதனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் நட்டு ஒரே நாளில் அறுக்காமல், வாரத்துக்குக் கொஞ்சமாக நட்டு வாருங்கள்.

தீவனத்தைக் கண்மதிப்பில் போடாமல் எடைபோட்டுப் போடுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் மிதக்கும் மிச்சத்தை வலையால் எடுத்துவிடுங்கள்.

6. கழிவு தேங்க விடாதீர்கள்

அடியில் படியும் கழிவு மெல்ல மெல்லச் சத்தை விட்டுக்கொண்டே இருக்கும். சுழல் வடிகட்டி (தண்ணீரைச் சுழலவிட்டுக் கழிவை அடியில் படியவைப்பது) இருந்தால் அடி வால்வைத் தினமும், குறைந்தது ஒன்றுவிட்டு ஒருநாள், தண்ணீர் தெளிந்து வரும்வரை மட்டும் திறந்துவிடுங்கள். வடிகட்டி இல்லையென்றால் வாரம் ஒருமுறை ட்யூபால் அடியை உறிஞ்சி எடுங்கள். எடுத்த கழிவைத் தரையிலுள்ள செடிக்கு ஊற்றலாம்.

7. யூவி விளக்கு வாங்கலாமா?

யூவி என்பது ஓடும் தண்ணீரில் புற ஊதா ஒளியைப் பாய்ச்சி நுண்பாசியைக் கொல்லும் விளக்கு. பச்சைத் தண்ணீர் மட்டுமே பிரச்சினை, வெளிச்சத்தை முழுதாக அடைக்கவும் வழியில்லை என்றால் வாங்கலாம். சுவரில் ஒட்டிய இழைப்பாசியை அது ஒன்றும் செய்யாது. தண்ணீரோடு விளக்கைக் கடந்து போவது மட்டுமே சாகும். பாக்டீரியா வடிகட்டியில் ஒட்டி வாழ்வதால் அதற்குப் பெரிய சேதமில்லை.

வாங்குவதற்கு முன் மூன்று விஷயம். கழிவு வடிகட்டிக்குப் பிறகுதான் விளக்கைப் பொருத்த வேண்டும். கலங்கிய தண்ணீரில் ஒளி ஊடுருவாது. பெட்டியில் குறிப்பிட்டதைவிட வேகமாகத் தண்ணீரைத் தள்ளினால் வேலை செய்யாது. மூன்றாவது பலருக்குத் தெரியாதது: செடிக்கு நாம் சேர்க்கும் கரையும் இரும்புச் சத்தை யூவி சிதைத்துவிடும். தண்ணீர் தெளிந்தது, ஆனால் புதுத் துளிர் மஞ்சளாகிறது என்றால் அதுதான் காரணமாக இருக்கும். இரும்பு சேர்க்கும் நாட்களில் விளக்கை அணைத்து வையுங்கள். பல்பை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். கண்ணாடி உறையை இடையிடையே துடைக்க வேண்டும். எரியும் விளக்கை வெறும் கண்ணால் பார்க்காதீர்கள்.

8. வாங்கவே கூடாதவை

மயில்துத்தம் (காப்பர் சல்பேட்): இதிலுள்ள செம்பு, மென்னீரில் மிகக் குறைந்த அளவிலேயே மீனைக் கொல்லும்; படுகையிலும் தங்கிவிடும். அலங்கார மீன் தொட்டிக்கான பாசிக்கொல்லிகள்: பலவற்றில் இருப்பது செம்போ களைக்கொல்லியோதான். உண்ணும் கீரைக்கும் மீனுக்கும் இரண்டும் ஆகாது. ஹைட்ரஜன் பெராக்சைடு: பாசியோடு வடிகட்டியின் பாக்டீரியாவையும் சுடும். சயனோபாக்டீரியாவுக்கு ஆன்டிபயாட்டிக் ஊற்றச் சொல்பவர்களை நம்பாதீர்கள்; அக்வாபோனிக்ஸ் பாக்டீரியாவை நம்பி ஓடுவது.

9. பாசி தின்னும் உயிர்களை விடலாமா?

ஜிலேபி கெண்டை ஓரளவு பாசி தின்னும். ஆனால் வயிறு நிறையத் தீவனம் கிடைக்கும் மீன் சுவரைச் சுரண்டாது. நத்தை நன்றாகத் தின்னும், அதைவிட நன்றாகப் பெருகும். குழாய்க்குள்ளும் பம்புக்குள்ளும் புகுந்தால் பாசியே தேவலை. மூட முடியாத சம்ப்பில் மிதக்கும் சிறு இலைத்தாவரமான டக்வீட் நிழல் தரும், மீனுக்கும் தீவனமாகும். பம்ப் வாயில் வலை இல்லாமல் மட்டும் விடாதீர்கள்.

செலவை எந்த வரிசையில் செய்வது?

காசு குறைவாக இருந்தால் முதலில் தார்ப்பாயும் பெயிண்டும். அடுத்து அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் பார்க்கும் சோதனைக் குப்பிகள். மூன்றாவதாக, மின்சாரம் போனாலும் ஓடும் பேட்டரி ஏர் பம்ப். கழிவு வடிகட்டி நான்காவது. பழைய டிரம்மிலேயே செய்துகொள்ளலாம். யூவி கடைசி. பெரும்பாலோர் யூவியிலிருந்து தொடங்கி மேலே போகிறார்கள். அதனால்தான் செலவு கூடுகிறது.

எத்தனை நாளில் என்ன எதிர்பார்க்கலாம்?

புது அமைப்பில் பாக்டீரியா நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை அம்மோனியா நிறைய, செடி சிறிசு; பாசி வருவது இயல்பு. பாக்டீரியா நிலைபெறும் காலம் முழுக்கத் தொட்டியை மூடியே வைத்திருந்தால் பாதித் தொல்லை தொடங்கவே தொடங்காது. ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பில் வெளிச்சத்தை அடைத்தால் பச்சைத் தண்ணீர் ஒரு வாரத்தில் தெளியும். இழைப்பாசி இரண்டு மூன்று சுற்று எடுத்தபின்தான் அடங்கும். சுவரில் மெல்லிய பச்சைப் படலம் என்றும் இருக்கும். அதைச் சுரண்டுவது வீண்வேலை.

அவசரம்: விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால்

இரவு முழுக்கப் பாசியும் மீனும் சேர்ந்து ஆக்சிஜனை உறிஞ்சியிருக்கின்றன. சூரியன் உதிக்கும் முன்தான் அது மிகக் குறைவாக இருக்கும். நோய் என்று எண்ணி மருந்து தேடாதீர்கள். பேட்டரி ஏர் பம்பைப் போடுங்கள். அது இல்லையென்றால் வாளியில் தொட்டித் தண்ணீரையே மொண்டு, தலை உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றுங்கள். பம்பிலிருந்து வரும் குழாயை உயர்த்தி, தண்ணீர் தெறித்து விழும்படி செய்யுங்கள். அன்று காலைத் தீவனம் இல்லை. மீன் கீழே போனபின் அம்மோனியா பாருங்கள். ஆக்சிஜன் மீட்டர் இருந்தால் விடியற்காலை அளவு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் வரும்வரை ஏர் பம்பை நிறுத்த வேண்டாம். இருட்டடிப்பை அன்றே தொடங்காதீர்கள். இரண்டு நாள் காற்று கொடுத்து மீன் தேறியபிறகு தொடங்குங்கள்.